ஹைஸ்கூல் ரெஸ்லிங்: பாயிண்ட் போன அடுத்த செகண்ட்லதான் இருக்கு சேம்பியன் மனசு

எங்க ஏரியால இப்போ ரெஸ்லிங் ரூம்லயும் நம்ம பசங்க பேரு கேக்க ஆரம்பிச்சிருக்கு, பொண்ணுங்களும் வர்றாங்க. ஆனா அப்பா அம்மா நெறைய பேருக்கு இந்த ஸ்போர்ட் சுத்தமா புதுசு. கிரிக்கெட் தெரியும், டென்னிஸ் தெரியும், இங்க அமெரிக்கன் ஹைஸ்கூல்ல ஆடற ஃபோக்ஸ்டைல் ரெஸ்லிங்ல பாயிண்ட் எப்படி வருதுன்னே புரியாம ப்ளீச்சர்ஸ்ல உக்காந்திருப்போம், புள்ள கீழ மாட்டிக்கிட்டு முழிக்கறதப் பாத்தா வயித்தக் கலக்கும். என் பையன் ஒன்பதாவதுல சேந்து சீனியர் வரைக்கும் ஆடினான், நானும் கூடவே ஸ்கோர் டேபிள்ல வாலண்டியரா உக்காந்து நூத்துக்கணக்கான பசங்களப் பாத்துட்டேன், அதுலேந்து எனக்குப் புரிஞ்சத எழுதறேன். டெக்னிக் சொல்லிக் குடுக்க கோச் இருக்காரு. மனசு விஷயத்துல வீட்லயும் வேல இருக்கு.

சேம்பியன் மனசுன்னா பயமே இல்லாம இருக்கறது, எதிராளிய மொறச்சுப் பாக்கறது, மேட்ச்சுக்கு முன்னாடி ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு கோவத்த ஏத்திக்கறதுன்னு பசங்க நெனச்சுக்கறாங்க. ஸ்டேட் வரைக்கும் போற பசங்க பாதிப் பேரு மேட்ச்சுக்கு முன்னாடி பாத்ரூம்ல வாந்தி எடுக்கற அளவுக்கு டென்ஷனாதான் இருப்பாங்க. அவங்க வேற மாதிரின்னு தெரியறது ஒரே ஒரு எடத்துல, பாயிண்ட் போன அடுத்த ரெண்டு மூணு செகண்ட்ல.

ரூல்ஸ் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ரெண்டு ரெண்டு நிமிஷமா மூணு பீரியட், மொத்தம் ஆறு நிமிஷம். நின்னுட்டு இருக்கறவன கீழ கொண்டு வந்து கன்ட்ரோல் பண்ணா டேக்டவுன், 3 பாயிண்ட் (2024-25 சீசன்லேந்துதான் 3, அதுக்கு முன்னாடி 2). கீழ இருக்கறவன் தப்பிச்சு எழுந்தா எஸ்கேப் 1, தப்பிக்கறதோட மேலயும் வந்துட்டா ரிவர்சல் 2. முதுக மேட்டுப் பக்கம் திருப்பிப் புடிச்சு வச்சா எவ்ளோ நேரம் புடிக்கறான்ங்கறத வச்சு 2லேந்து 4 வரைக்கும், ரெண்டு தோளும் மேட்ல பட அமுக்கிட்டா பின், மேட்ச் அங்கயே ஓவர். 15 பாயிண்ட் லீட் வந்தாலும் டெக் ஃபால்னு நிறுத்திடுவாங்க. டைம் அவுட் கேட்டு கோச்சோட பேசிட்டு வர்றதெல்லாம் கெடையாது, உள்ள போயிட்டா ஒரே ஆளு, அவ்ளோதான்.

இப்போ ஒரு புதுப் பையன் டேக்டவுன் வாங்கறத கிட்ட இருந்து பாருங்க. விழுந்ததும் வயிறு மேட்ல ஒட்டும், தல தொங்கும், ஒரு மூச்சு விடுவான், கோச் இருக்கற மூலைய ஒரு பார்வ பாப்பான். அந்த ஒரு மூச்சு நேரத்துல மேல இருக்கறவன் அக்குள் வழியா கைய விட்டு பின்கழுத்தப் புடிச்சு ஹாஃப் நெல்சன் போட்டுடுவான். 3 பாயிண்ட்டோட போயிருக்க வேண்டியது பின்ல முடிஞ்சுது. அதே எடத்துல பழகின பையன் விழும்போதே முழங்கால உள்ள இழுத்துக்கறான், கைய ஊனி பேஸ் கட்டறான், இடுப்பச் சுத்தி இருக்கற கையோட விரலப் புடிச்சுக்கிட்டு எழுந்திரிக்கப் பாக்கறான். அவனுக்கும் வருத்தம் இருக்கும், ஆனா வருத்தப்படறத விட்டுட்டு ஒடம்பு வேலையப் பாக்குது. அதனால இது ஏதோ பொறப்புலயே வர்ற தைரியம்னு நெனைக்காதீங்க, ரெண்டு காலயும் சேத்துப் புடிச்சு விழ வைக்கற டபுள் லெக் பழகற மாதிரியே பழகிப் பழகி வர்றதுதான்.

எப்படிப் பழகறதுன்னா, பிராக்டிஸ் முடியற நேரத்துல, கை காலெல்லாம் ஓஞ்சு போயிருக்கும்போது, பார்ட்னர்கிட்ட சொல்லி அவன டேக்டவுன் எடுக்க விடணும், விழுந்த ஒரு செகண்ட்குள்ள பேஸுக்கு வரணும், எழுந்திரிக்கணும், திரும்பி எதிர்ல நிக்கணும், மறுபடி விழணும். ஒரு அஞ்சு நிமிஷம் போதும், ஆனா தெனமும் பண்ணணும். டயர்டா இருக்கும்போது பண்ணாதான் மூணாவது பீரியட்ல வரும், ஃப்ரெஷ்ஷா இருக்கும்போது எல்லாருக்கும்தான் வருது.

அடுத்தது, நெலமைய செட் பண்ணி ஆடறது. பெரும்பாலான பசங்க ரூம்ல லைவ் (நெஜ மேட்ச் மாதிரி முழு பலத்தோட) போகும்போது 0-0லேந்து ஆரம்பிப்பாங்க. மேட்ச்ல அந்த சொகம் கொஞ்ச நேரம்தான். இருபது செகண்ட் இருக்கு, ரெண்டு பாயிண்ட் பின்னாடி, ரெண்டு பேரும் நின்னுட்டு இருக்கீங்க, போ. ஒரு பாயிண்ட் முன்னாடி, நீ மேல இருக்க, முப்பது செகண்ட் தாங்கு. நாலு பாயிண்ட் பின்னாடி, கீழ இருக்க. இப்படி கோச்சக் கேட்டுப் பண்ணணும், அவரு பண்ணலன்னா பிராக்டிஸுக்கு அப்புறம் ஃப்ரெண்டோட ரெண்டு ரவுண்ட் போட்டுக்கலாம். டேக்டவுன் 3 ஆனதுக்கு அப்புறம் ரெண்டு பாயிண்ட் பின்னாடி இருக்கறவன் ஒரே ஷாட்ல (எதிராளி காலப் புடிக்கப் பாயறது) ஒரு பாயிண்ட் முன்னாடி வந்துடலாம், இந்தக் கணக்க யோசிச்சுக் கண்டுபுடிக்க மேட்ச்ல நேரம் இருக்காது, முன்னாடியே ஆடிப் பாத்திருக்கணும்.

கடைசி செகண்ட்ல என்ன நடக்கும்னு பசங்களுக்குக் காட்டணும்னா வினேஷ் போகட் மேட்ச்சப் போட்டுக் காட்டுங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ், 50 கிலோ, மொத ரவுண்ட்லயே ஜப்பானோட யுய் சுசாகி, டோக்கியோ சேம்பியன், அது வரைக்கும் வெளிநாட்டுக்காரங்க யார்கிட்டயும் தோக்காதவங்க. வினேஷ் 0-2 பின்னாடி, மேட்ச் முடியப் போகுது, கடைசி சில செகண்ட்ல ஒரு டேக்டவுன், 2-2, ஜப்பான் பக்கம் பண்ண சேலஞ்ச் எடுபடாததுக்கு இன்னொரு பாயிண்ட், 3-2. அது ஃப்ரீஸ்டைல், ரூல்ஸ் வேற, ஆனா விசில் வரைக்கும் மேட்ச் முடியலங்கறது ரெண்டுக்கும் ஒண்ணுதான். இதோட மறுபக்கமும் இருக்கு. ஸ்பென்சர் லீ பென்சில்வேனியா ஹைஸ்கூல்ல 144 மேட்ச் வரிசையா ஜெயிச்சவன், 2017 ஸ்டேட் ஃபைனல்ல, அவனோட கடைசி ஹைஸ்கூல் மேட்ச்ல, முட்டி லிகமெண்ட் கிழிஞ்ச நெலமையில, ஆஸ்டின் டிசான்டோகிட்ட முடியற நேரத்துல ஒரு டேக்டவுன் வாங்கி 6-5ன்னு தோத்தான். அதோட முடிஞ்சு போகல, அயோவா யுனிவர்சிட்டிக்காக மூணு என்சிஏஏ (அமெரிக்கக் காலேஜ் லெவல்) டைட்டில், பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல வெள்ளி. ஸ்பென்சர் லீ கதையச் சொல்லும்போது டிசான்டோவ மறந்துடாதீங்க, 144-0ங்கற நம்பரப் பாத்துட்டு மேட்டுக்குப் போயி கடைசி வரைக்கும் ஷாட் எடுத்தான் பாருங்க, எனக்கு அதுதான் பெரிய பாடமா தெரியுது.

மொத வருஷம் தோப்பாங்க, அத ஒத்துக்கணும்

நம்ம பசங்க அநேகமா ஒன்பதாவதுலதான் ஆரம்பிக்கறாங்க. எதிர்ல நிக்கறவன் அஞ்சு வயசுலேந்து யூத் கிளப்ல உருண்டவனா இருப்பான். மொத சீசன்ல ஜெயிச்ச கணக்க வச்சு பேசினீங்கன்னா ஜனவரில பையன் விட்டுடுவான். அதனால அவன் கையில இருக்கற விஷயத்த வச்சு டார்கெட் குடுங்க. மொத பீரியட்ல மூணு ஷாட்டாவது எடுக்கணும், போகுதோ இல்லயோ. கீழ இருந்து ஸ்டார்ட் ஆச்சுன்னா விசிலோட சேந்து மொத மூவ் வரணும், விசிலுக்கு அப்புறம் யோசிக்கக் கூடாது.

எனக்கு ரொம்பப் புடிச்ச டார்கெட் ஒண்ணு இருக்கு: பின் ஆகக் கூடாது. டூயல் மீட்ல ஸ்கூலுக்கு ஸ்கூல் மோதும்போது சாதாரண டிசிஷன்ல தோத்தா எதிர் டீமுக்கு 3 டீம் பாயிண்ட், எட்டு பாயிண்ட் வித்தியாசம் வந்துட்டா மேஜர் டிசிஷன் 4, டெக் ஃபால் 5, பின் ஆனா 6. ஒரு புதுப் பையன் தன்ன விட ரொம்ப நல்லவன்கிட்ட மாட்டி, முதுகுல கெடந்து, கழுத்து நரம்பு பொடைக்க பிரிட்ஜ் பண்ணி (தோள் மேட்ல படாம ஒடம்ப வில்லா வளைச்சு), ஆறு நிமிஷமும் தாங்கி 7-0ன்னு தோத்துட்டு வந்தான்னா அவன் டீமுக்கு மூணு பாயிண்ட் காப்பாத்திக் குடுத்திருக்கான். டூயல் அந்த மூணு பாயிண்ட்ல முடியறத நான் ஸ்கோர் டேபிள்ல உக்காந்து பாத்திருக்கேன், மொத்த பெஞ்சும் எழுந்து அந்தத் தோத்த பையனத் தூக்கினாங்க. அத ஒரு தடவ அனுபவிச்ச பையன் அப்புறம் லேசுல விட்டுக் குடுக்க மாட்டான்.

அந்தோணி ராபிள்ஸப் பத்தியும் சொல்லுங்க. பொறக்கும்போதே ஒரு கால் இல்ல, அரிசோனால மேசா ஹைஸ்கூல், மொத வருஷம் ஜெயிச்சத விட தோத்ததுதான் ஜாஸ்தி. அப்புறம் தன் ஒடம்புக்கு எது வாகா வரும்னு பாத்து, கைப்புடி பலத்தயும் தாழ்வா இருக்கற பொசிஷனயும் வச்சே ஒரு ஸ்டைல உருவாக்கினாரு. 2011ல அரிசோனா ஸ்டேட்டுக்காக 125 பவுண்ட்ல 36-0, என்சிஏஏ சேம்பியன். நம்ம பையன் ஒல்லியா கை கால் நீளமா இருக்கானா, கிரேடில் (எதிராளி கழுத்தயும் ஒரு காலயும் சேத்துக் கட்டிப் புடிக்கறது) போட அது வசதி. குட்டையா கட்டையா இருக்கானா, அவன் கால எட்டிப் புடிக்கறது எதிராளிக்கு கஷ்டம். அடுத்தவன் ஒடம்பப் பாத்து ஏங்கறத விட இதத் தேடறது உபயோகம்.

டோர்னமென்ட் நாள்

விடிகாலைல பஸ், எடை பாக்கற வெய்-இன், ஸ்கின் செக், அப்புறம் ஜிம்ல நாள் முழுக்க காத்திருக்கணும், ஆடறது மொத்தமா அரை மணி நேரம்தான். மனசு கெட்டுப் போறது அந்தக் காத்திருக்கற நேரத்துலதான். பசங்க ஃபோன எடுத்து ட்ராக்ரெஸ்லிங் சைட்ல அடுத்து யாரு, அவன் ரெக்கார்ட் என்ன, போன வருஷம் டிஸ்ட்ரிக்ட்ல எத்தனாவது வந்தான்னு பாத்துப் பாத்து மேட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே தோத்துடுவாங்க. எங்க வீட்டு ரூல், எந்த மேட், எந்த பௌட் நம்பர் (எத்தனாவது மேட்ச்), அத மட்டும் பாத்துட்டு ஃபோன பையில போட்டுடணும். எதிராளியப் பத்தி தெரிய வேண்டியது இருந்தா கோச் சொல்லுவாரு, ரைட் லெக் முன்னாடி வைப்பான், ஹெட்லாக் எறிவான், அவ்ளோ போதும்.

பௌட் நம்பர் இன்னும் அஞ்சாறு இருக்கும்போது வார்ம்-அப் ஆரம்பிக்கணும், வேர்வ வர்ற அளவுக்கு. குளிர்ந்த ஒடம்போட உள்ள போனா மொத டேக்டவுன் நிச்சயம் எதிராளிக்குதான். அப்புறம் ஒரே வரிசைல ஒரே மாதிரி செய்யணும், ஷூ லேஸ், ஹெட்கியர், நாலு எண்ணி மூச்ச இழுத்து ஆறு எண்ணி விடறது ஒரு அஞ்சு தடவ, ரெண்டு ஸ்டான்ஸ் மோஷன், மனசுக்குள்ள ஒரு வார்த்த. என் பையன் “கால் ஓடட்டும்”னு சொல்லிப்பான், உங்க புள்ளைக்கு வேற எதாவது இருக்கும், ஆனா அது ஒடம்பு செய்யக்கூடிய ஒண்ணா இருக்கணும், “நான்தான் ஜெயிப்பேன்”னு சொல்லிக்கிட்டா மொத டேக்டவுன் வாங்கினதுமே அது பொய்யாயிடும். படபடப்பு போகவே போகாது, போகணும்னும் இல்ல. நெஞ்சு அடிச்சுக்குதுன்னா ஒடம்பு ரெடின்னு அர்த்தம்னு சொல்லிக் குடுங்க.

தோத்த அன்னிக்கு

எதிராளிக்குக் கை குடுக்கணும், அவன் கோச்சுக்கும் போய் கை குடுக்கணும், ஹெட்கியரத் தூக்கி எறியக் கூடாது. அதுக்கப்புறம் ஓரமா போய் பத்து நிமிஷம் அழட்டும், கத்தட்டும், யாரும் கிட்ட போகாதீங்க. பத்து நிமிஷம் ஆச்சுன்னா தண்ணி, ஒரு வாழப்பழம், அடுத்த மேட்ச். ஏன்னா ஒரு தடவ தோத்தவங்க ஆடற கன்சலேஷன் பிராக்கெட்ல இருந்து மூணாவது எடத்துக்கு வர முடியும், மேல் ரவுண்டுக்குக் கடைசி எடத்துல தகுதி வாங்கறவங்க பல பேரு ஒரு தடவ தோத்துட்டு திரும்பி வந்தவங்கதான். மொத தோல்வியத் தூக்கிட்டே ரெண்டாவது மேட்ச்சுக்குப் போறவன் நாள்ல ரெண்டு தடவ தோக்கறான். ஜோர்டன் பரோஸ் மாதிரி ஆளுக்கே அது நடந்துச்சு, 2012 லண்டன்ல தங்கம் வாங்கினவரு 2016 ரியோல குவார்ட்டர் ஃபைனல்ல ரஷ்யாக்காரர்கிட்ட தோத்துட்டு அடுத்து வெண்கலத்துக்கு இன்னொரு வாய்ப்பு குடுக்கற ரெபசாஜ்ல 11-1ன்னு நொறுங்கிப் போனாரு, பேட்டியில அழுதாரு. அடுத்த வருஷமே பாரிஸ்ல வேர்ல்ட் சேம்பியன். மனசு ஒடையறது கேவலம் இல்லன்னு பசங்களுக்குச் சொல்ல இத விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

கார்ல வரும்போது மேட்ச்சப் பத்தி நீங்க ஆரம்பிக்காதீங்க. இது ரொம்ப முக்கியம், ஏன்னா நம்ம ஆளுங்களுக்கு வாய் சும்மா இருக்காது, “அந்த எடத்துல ஏன் விட்ட, அந்தப் பையன் உன்ன விட சின்னவன்தானே”ன்னு ஆரம்பிச்சிடுவோம். பசிக்குதா, எங்க நிறுத்தணும், இது போதும். அவனே பேசினா கேளுங்க. மறுநாள் ஒரு நோட்ல மூணு வரி எழுதச் சொல்லுங்க: எந்த பொசிஷன்ல பாயிண்ட் போச்சு, போன உடனே நான் என்ன பண்ணேன், இந்த வாரம் கோச்கிட்ட என்ன கேக்கப் போறேன். ஜெயிச்சாலும் எழுதணும், ஜெயிச்ச மேட்ச்லயும் பாயிண்ட் போயிருக்கும்.

ப்ளீச்சர்ஸ்லேந்து டெக்னிக் கத்தாதீங்க, “ஹாஃப் போடு, ஹாஃப் போடு”ன்னு நீங்களும் அவன எழுந்திரிக்க விட்டுடுங்கற அர்த்தத்துல “கட் பண்ணு”ன்னு கோச்சும் கத்தினா புள்ள ரெண்டுக்கும் நடுவுல நின்னுடும். பேரச் சொல்லிக் கை தட்டுங்க. சித்தப்பா பையன் ராபாட்டிக்ஸ்ல ஸ்டேட் வந்துட்டான்ங்கற பேச்சும் நவம்பர்லேந்து மார்ச் வரைக்கும் வீட்ல வேண்டாம்.

வெய்ட் விஷயம்

இதுல மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பா சொல்றேன். பசி தாங்கறதுதான் மனவுறுதின்னு சில பசங்க நம்பறாங்க, சில பெரியவங்களும் நம்பறாங்க, அது தப்பு. 1997 நவம்பர் டிசம்பர்ல வெய்ட் கொறைக்கப் போய் மூணு காலேஜ் ரெஸ்லர்ஸ் செத்துப் போனாங்க. அதுக்கப்புறம்தான் ரூல்ஸே மாறிச்சு. இப்போ ஹைஸ்கூல்ல சீசன் ஆரம்பத்துல யூரின் டெஸ்ட் வச்சு ஒடம்புல தண்ணி போதுமான்னு பாக்கறாங்க, கொழுப்பு பசங்களுக்கு 7 சதவீதத்துக்கும் பொண்ணுங்களுக்கு 12 சதவீதத்துக்கும் கீழ போகற வெய்ட்டுக்கு விட மாட்டாங்க, வாரத்துக்கு ஒடம்பு எடையில ஒன்றரை சதவீதத்துக்கு மேல கொறைக்கக் கூடாது, பிளாஸ்டிக் சூட் போட்டுக்கிட்டு ஓடறதும் ஹாட் ரூம்ல உக்கார்றதும் தடை. பாரிஸ்ல அவ்ளோ பெரிய வெற்றிக்கு மறுநாள் வினேஷ் 100 கிராம் கூட இருந்ததுக்காக ஃபைனல்லயே நிக்க முடியாமப் போனது நமக்கெல்லாம் தெரியும், ராத்திரி முழுக்க என்னென்னவோ பண்ணிப் பாத்தும் எறங்கல. வளர்ற வயசுப் பையன் அந்த விளிம்புல நிக்கவே வேண்டாம், 132க்கு எறங்கத் துடிக்கறத விட 138ல வயிறார சாப்பிட்டு பலத்தோட ஆடறது மேல். முட்ட, பருப்பு, தயிர், பனீர், சுண்டல்னு நம்ம வீட்டுச் சாப்பாட்லயே புரோட்டீன் இருக்கு, பொரிச்சதையும் சோடாவையும் கொறைச்சாலே பாதி வேல முடிஞ்சுது.

இதே மாதிரிதான் அடியும். தலைல அடிபட்டு மங்கலா இருக்கு, தோள் சரியில்ல, தோல்ல வட்டமா படை வந்திருக்குன்னா மறைக்காம அன்னிக்கே கோச்கிட்டயும் ட்ரெய்னர்கிட்டயும் சொல்லணும். படர்தாமரைய மறைச்ச ஒருத்தனால அரை டீமும் உக்கார வேண்டியதாயிடும்.

ரூம்ல யாரோட மோதறான்னு கேளுங்க

சாயங்காலம் வந்ததும் “இன்னிக்கு ஜெயிச்சியா”ன்னு கேக்கறதுக்குப் பதிலா “இன்னிக்கு யாரு பார்ட்னர்”னு கேளுங்க. தெனமும் தன்ன விட மெலிஞ்ச ஃப்ரெண்டோடயே ஜோடி சேந்தா சொகமா இருக்கும், வளர்ச்சி இருக்காது. வாரத்துல ரெண்டு நாளாவது தன்ன அடிக்கற சீனியர்கிட்ட தானா போய் நிக்கணும், அடி வாங்கினதுக்கு அப்புறம் “அத எப்படி போட்டீங்க, காட்டுங்க”ன்னு கேக்கணும். அநேகமா எல்லா சீனியரும் காட்டுவாங்க. வெட்கப்படாம கேக்கற பையன்தான் ரெண்டு வருஷத்துல அந்த எடத்துக்கு வர்றான், வார்சிட்டி (ஸ்கூலோட மெயின் டீம்) எடத்துக்கு ரூம்குள்ளயே மோதற ரெஸ்ல்-ஆஃப் வரும்போது அதே சீனியரோடயே மோதவும் பயப்பட மாட்டான். பொண்ணுங்களுக்கு ரூம்ல பொண்ணு பார்ட்னர் இல்லன்னா பக்கத்து ஊர் கேர்ள்ஸ் கிளப்பத் தேடிப் பாருங்க, இப்போ நெறைய வந்துடுச்சு, காலேஜ்லயும் 2025ல என்சிஏஏ பெண்கள் ரெஸ்லிங்க சேம்பியன்ஷிப் ஸ்போர்ட்டா சேத்துட்டாங்க.

சீசன் முடிஞ்சதும் ஒரு ரெண்டு வாரம் மேட் பக்கமே போக வேண்டாம். அப்புறம் அந்த நோட்ட எடுத்து, எந்த பொசிஷன்ல அதிகமா பாயிண்ட் போயிருக்குன்னு எண்ணிப் பாக்கச் சொல்லுங்க, கீழ இருந்து எழ முடியலயா, சிங்கிள் லெக்க முடிக்கத் தெரியலயா, ஏதோ ஒண்ணு தூக்கலா தெரியும். ஸ்ப்ரிங்ல ஃப்ரீஸ்டைல், கிரீகோ (இடுப்புக்கு மேல மட்டும் புடிக்கற ஸ்டைல்) சேந்துக்கலாம், யுஎஸ்ஏ ரெஸ்லிங் மெம்பர்ஷிப் எடுத்தா லோக்கல் கிளப் டோர்னமென்ட்ல ஆடலாம், நல்லா வர்ற பசங்களுக்கு ஜூலைல நார்த் டகோட்டா ஃபார்கோல நேஷனல்ஸ் இருக்கு. அங்க ரெக்கார்ட் பத்தின கவல கம்மி, அதனால புதுசா எதையும் தைரியமா போட்டுப் பாக்கலாம். ஆனா கிளப் கோச்சப் பாக்கப் போகும்போது அந்த நோட்டயும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, எந்த பொசிஷன்ல வேல பண்ணணும்னு மொத நாளே அவர்கிட்ட காட்டிடலாம்.